ஐந்து நிமிடத்துக்கு ஓர் ஆள்

நான் வீட்டுப் படம் வரைகிறவன். காணி வைத்திருப்பவர்கள் வீடு கட்ட அனுமதி எடுப்பதற்கு மாநகர சபையில் ஒரு படம் கொடுக்க வேண்டும். நாவற்குடாவில் எங்கள் வீட்டு முன்னறையிலிருந்து அந்தப் படத்தை வரைந்து கொடுப்பதுதான் இருபத்தைந்து வருடமாக என் தொழில். முதலில் சாய்ந்த மேசையில் குனிந்து பேனையால் வரைந்தேன், இப்போது கணினியில் வரைகிறேன். எதில் வரைந்தாலும் ஒரு சுவர் முடிந்தால் ஒரு சிகரட் பற்ற வைப்பேன். மாடிப்படி உள்ள வீடென்றால் நாலைந்து போய்விடும், ஏனென்றால் மாடிப்படி ஒருநாளும் முதல் தடவையில் சரியாக அமைவதில்லை.

என் மனைவி கல்லடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பிக்கிறாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து என்னிடம் சிகரட்டை விடச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தவக்காலத்திலும் நான் விடுவதாக ஒப்புக்கொள்வேன். சாம்பல் புதனன்று விட்டால் வெள்ளிக்கிழமை திரும்பப் பிடித்துவிடுவேன். ஒரு வருடம் மட்டும் நாற்பது நாளும் தாக்குப் பிடித்து, உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு கோவில் மதிலுக்குப் பின்னால் நின்று இரண்டு சிகரட் குடித்தேன். அன்றைக்கு மத்தியானம் அவள் என்னோடு பேசவில்லை.

ஒருநாள் காலை என் மோட்டார் சைக்கிள் திருத்த வேலைக்குப் போயிருந்தது. வாவிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் டவுனில் ஒரு காணியை அளக்க வேண்டியிருந்ததால் மனைவியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பாலத்தின் நடுவில் போகும்போது மூச்சு நின்றுவிட்டது போலிருந்தது. இறங்கிச் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே வாவி நீர் அசைவதைப் பார்த்தால் தலை சுற்றியது. மீன் பெட்டியோடு மோட்டார் சைக்கிளில் போன ஒருவர் நிறுத்தினார்.

“அண்ணன், என்ன செய்யுது?”

“ஒண்டுமில்ல. டயர் காத்துப் போயிட்டு.”

அவர் குனிந்து முன் டயரை அமுக்கிப் பார்த்தார், பிறகு பின் டயரை. இரண்டும் கல்லுப் போல இருந்தன. என் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். அளக்கப் போன காணிக்கு நான் அன்றைக்குப் போய்ச் சேரவில்லை. சைக்கிளை உருட்டிக்கொண்டே திரும்பி வீட்டுக்கு வந்தேன்.

மனைவி கையோடு டாக்டரிடம் கூட்டிப் போனாள். நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள். முடிவு வர ஒரு கிழமை ஆகும் என்றார்கள். அந்தக் கிழமை முழுவதும் நான் வழக்கத்தைவிடக் கூடப் பற்றினேன். அதை நினைக்க இப்போதும் எனக்குச் சிரிப்பும் வெட்கமும் வருகிறது. எக்ஸ்ரேயில் பயப்படும்படி எதுவும் இல்லை. டாக்டர் மூச்சின் பலத்தைக் காட்டும் முள் வைத்த ஒரு குழாயைத் தந்து ஊதச் சொன்னார். ஊதினேன். முள் கொஞ்சம் எழும்பி விழுந்தது.

“இப்ப வந்தது நல்லம். இன்னும் அஞ்சு வருசம் கழிச்சு வந்திருந்தீங்க எண்டா எனக்குச் சொல்ல வேற கதை இருந்திருக்கும்” என்றார். பிறகு ஒரு துண்டை எழுதித் தந்து, புதன்கிழமைகளில் சிகரட் விடுகிறவர்கள் கூடுகிற இடத்துக்குப் போகச் சொன்னார்.

கிளினிக்குக்குப் பின்னால் இருந்த ஒரு விறாந்தையில் வட்டமாக எட்டு பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். என்னோடு சேர்த்து ஏழு பேர் ஆண்கள். கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் ஒரு பெண் குடையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும், என்னைவிட மூன்று நாலு வயது கூட. யாருக்கோ துணையாக வந்தவர் என்று நினைத்தேன். கூட்டத்தை நடத்திய தாதி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்து அவரிடமும் கேட்டாள்.

“சுருட்டு, மிஸ். இருவத்தெட்டு வருசம்.”

ஓர் ஆள் சிரித்தான். அந்தப் பெண் அவன் பக்கம் திரும்பி, “உங்களுக்கு எத்தின வருசம், தம்பி?” என்று சாதாரணமாகக் கேட்டார். அவன் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, பன்னிரண்டு என்றான். “என்னட்டப் பாதியும் இல்லயே” என்றார் அவர். இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து.

தாதி அதிகம் புத்தி சொல்கிறவள் இல்லை. “ஆசை வரக்குள்ள இது முடியவே முடியாது எண்டுதான் இரிக்கும். ஆனா அஞ்சு நிமிசம், பத்து நிமிசம் தாண்டினா அது தானா இறங்கிரும். அந்த அஞ்சு நிமிசத்தக் கடத்தத்தான் ஆள் வேணும். வீட்டு ஆக்கள் வேணாம், அவங்க ஏசுவாங்க. இஞ்ச இரிக்கிற ஒராள்ட நம்பர எடுங்க” என்றாள்.

மற்ற ஆண்கள் பக்கத்தில் இருந்தவர்களோடு உடனே சேர்ந்துவிட்டார்கள். நான் யாரிடம் கேட்பது என்று யோசித்துக்கொண்டிருந்ததில் கடைசியில் நானும் அவரும்தான் மிஞ்சினோம்.

“சேருக்கு வெக்கமா இரிக்கு போல” என்றபடி அவர் தன் சின்னப் போனை நீட்டினார். அவருக்கு ஊர் கரடியனாறு. கணவரோடு சேர்ந்து வேளாண்மை செய்கிறார், வீட்டோடு ஒரு தோட்டமும் உண்டு. என் நம்பரை ‘சிகரட் சேர்’ என்று பதிந்துகொண்டார். நானும் சும்மா இருக்கவில்லை, ‘சுருட்டக்கா’ என்று பதிந்தேன். அடுத்த நாள் விடிய இருவரும் விடுவது என்று பேச்சு.

முதல் மூன்று நாளை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. கைகளுக்குத்தான் முதலில் விளங்கவில்லை. வலது கை அரை மணிக்கு ஒரு தடவை சட்டைப் பைக்குப் போய் வெறுமையாகத் திரும்பி வந்தது. வாயில் கராம்பைப் போட்டுக் கடித்து நாக்கு மரத்துவிட்டது. ஒரு படத்தில் குளியலறைக்குக் கதவு வைக்க மறந்து, வந்த வீட்டுக்காரர் அதைக் கண்டுபிடித்துக் கேட்டபோது அவர் மேல் எரிந்து விழுந்தேன். போனை இரண்டு தடவை எடுத்து அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். முன்பின் தெரியாத ஒரு பொம்பளைக்குப் போன் எடுத்து, எனக்குச் சிகரட் குடிக்க வேண்டும் போலிருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

அவர்தான் முதலில் என்னை அழைத்தார். நாலாம் நாள் காலை, தேநீர் குடித்து முடித்த நேரம்.

“சேர், கதைங்க.”

“என்னத்தக் கதைக்கிற?”

“என்னத்தையும் கதைங்க. கொட்டிலுக்குள்ள ஒரு கட்டுச் சுருட்டு இரிக்கு. என்ட கால் அங்கதான் போகுது.”

முன்னால் கணினியில் இருந்த படத்தைப் பார்த்து அதையே சொல்லத் தொடங்கினேன். இரண்டு அறை, ஒரு மண்டபம், முன்னுக்குச் சின்ன விறாந்தை, பின்னுக்குக் குசினி.

“குசினிக்கு எத்தின சன்னல்?”

“ஒண்டு.”

“ஒண்டு எப்பிடிக் காணும்? புகை எதால போற? நீங்க ஆம்புளயள் எல்லாரும் மண்டபத்துக்குத்தான் சன்னல் வெக்கிற. அடுப்படியில நிண்டு பாத்தாத்தான் தெரியும்.”

பிறகு அடுப்பு எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், விறகு எங்கே வைப்பது என்று அவரே கதைத்தார். ஓம், ஓம் என்று சொல்வதைத் தவிர எனக்கு வேலை இருக்கவில்லை. நடுவில் திடீரென்று, “செரி சேர், போயிட்டு” என்றார்.

“என்ன போயிட்டு?”

“அந்த எண்ணம்.” போனை வைத்துவிட்டார். அந்தப் பத்து நிமிடத்தில் எனக்கும் சிகரட் ஞாபகம் வரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தக் குசினிக்கு இரண்டாவது சன்னலையும் வைத்தேன்.

அதன் பிறகு எனக்கும் கூச்சம் விட்டுப் போயிற்று. எனக்கு மோசமான நேரம் மத்தியானச் சோறு தின்ற பிறகு. அவருக்குக் காலையும் பின்னேரமும். நான் எடுத்தால் அவர் வட்டைக்குள், வயல் நடுவில் நின்றபடி கதைப்பார். வயலில் மழை பெய்வது எனக்குப் போனில் கேட்கும். எந்தப் பக்கத்தில் களை கூட, யாருடைய மாடு வரம்பை உழக்கியது, பச்சைக் கிளி எந்த நேரம் வரும் என்று சொல்லிக்கொண்டே போவார். சுருட்டுப் பழகிய கதையையும் அப்படி ஒரு மத்தியானம்தான் சொன்னார். கலியாணம் முடித்துச் சில வருடத்தில் பல்வலி வந்திருக்கிறது. மாமியார் ஒரு சுருட்டைப் பற்ற வைத்துக் கொடுத்து, புகையைப் பல்லில் அடக்கச் சொல்லியிருக்கிறார்.

“பல்ல அடுத்த மாசமே புடுங்கிட்டம், சேர். சுருட்டுத்தான் போகல்ல.”

என் மனைவிக்கு நான் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். ஆனாலும் ‘சுருட்டக்கா’ என்று போனில் வந்ததை முதல் தடவை பார்த்தபோது அவள் முகம் ஒரு மாதிரித்தான் இருந்தது. ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்ததாம். நான் வந்து பார்த்தால் இவள் பள்ளிக்கூடத்துக்குப் போக உடுத்திக்கொண்டு, கதவடியில் நின்று சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருக்கிறாள். போனை என்னிடம் தரவேயில்லை.

“அவக்கு இப்ப செரியாம். நீங்க எடுக்கத் தேவல்லயாம்” என்றாள்.

“இவ்வளவு நேரமும் என்ன கதைச்ச?”

“உங்களப் பத்தித்தான்.”

மூன்று கிழமை இப்படிப் போனது. கூட்டத்தில் ஒவ்வொருவரும் எத்தனை நாள் என்று சொல்வோம், மற்றவர்கள் கை தட்டுவார்கள். எனக்குள் ஒரு பெருமை வந்துவிட்டது. அதுதான் என்னை விழுத்தியது என்று நினைக்கிறேன். கல்லடியில் கடற்கரைப் பக்கம் ஒரு வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட அளந்து கொடுக்கப் போயிருந்தேன். வேலை முடிந்து நிழலில் நின்றபோது கொத்தனார் பெட்டியை நீட்டினார். மூன்று கிழமை விட்டவனுக்கு ஒன்றால் என்ன ஆகப் போகிறது என்று எடுத்தேன். இரண்டாவது இழுப்பில் தலை சுற்றியது, வாய் கசந்தது. இனி இதைத் தொட மாட்டேன் என்று நினைத்துக்கொண்டேதான் முழுவதையும் குடித்து முடித்தேன்.

அடுத்த நாள் என் கால் கடைக்குப் போயிற்று. வழக்கமான கடைக்குப் போக முடியாது, நான் விட்டது அந்தக் கடைக்காரருக்குத் தெரியும். இரண்டு ஒழுங்கை தள்ளிப் போய், நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்த லைட்டரில் பற்ற வைத்தேன். வீட்டுக்கு வரும் முன் டொபியும் கராம்பும் போட்டுக்கொண்டேன். இப்படி நாலு நாள். அந்த நாட்களில் அக்காவின் அழைப்பு இரண்டு வந்தது, நான் எடுக்கவில்லை.

மூன்றாவது அழைப்பு வந்தபோது நான் கிணற்றுக்குப் பின்னால் நின்றேன். கையில் எரிந்துகொண்டிருந்தது. ஏனோ எடுத்துவிட்டேன்.

“சேர், இண்டைக்குச் சரியான கஷ்டமா இரிக்கு. கதைங்க.”

நான் கதைத்தேன். பொறுங்கள், கொஞ்ச நேரம்தான், தண்ணீர் குடியுங்கள், இவ்வளவு நாள் இருந்துவிட்டீர்கள் என்றெல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்லக் கையில் இருந்ததையும் இழுத்தேன். கடைசியில் அவர், “நீங்க பத்தாம இரிக்கிறதாலதான் சேர் நானும் இரிக்கன்” என்று சொல்லிவிட்டு வைத்தார். நான் சிகரட்டைக் கிணற்றுக் கட்டில் நசுக்கிவிட்டு நின்றேன். என் வாழ்க்கையில் அந்த அளவுக்கு என்னையே வெறுத்த நேரம் அதிகம் இல்லை.

அடுத்த நாள் புதன்கிழமை. கூட்டத்தில் என் முறை வந்தபோது, “இருவத்தேழு நாள்” என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். அவரும் தட்டினார். தட்டும்போது என்னைப் பார்க்கவில்லை.

கூட்டம் முடிந்து அவர் பஸ்ஸுக்குப் போகும்போது பின்னாலேயே போனேன். தரிப்பிடத்தில் வேறு யாரும் இல்லை.

“அக்கா, நான் பொய் சொல்லிட்டன். நாலஞ்சு நாளாப் பத்துறன்.”

“தெரியும்.”

“எப்பிடி?”

“நேத்துக் கதைக்கக்குள்ள மூச்ச உள்ளுக்கு இழுத்துப் புடிச்சி, பிறகு விட்டுட்டுக் கதைச்சீங்க. இருவத்தெட்டு வருசம் பத்தினவளுக்கு அது தெரியாதா?”

“பிறகு ஏன் ஒண்டும் கேக்கல்ல? இப்ப கையும் தட்டினீங்க.”

“எல்லாரும் தட்டினாங்க, நானும் தட்டினன். நேத்துக் கேட்டிருந்தா நீங்க இல்லயெண்டுதான் சொல்லியிருப்பீங்க. ஒருக்காப் பொய் சொன்னாப் பிறகு எனக்குப் போன் எடுக்க உங்களுக்கு வெக்கமா இரிக்கும். நீங்களும் எடுக்காம விட்டா எனக்கு ஆரு இரிக்கா?”

பஸ் வரும் பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், “இண்டைக்கு ஒண்டெண்டு எண்ணுவம். நானும் ஒண்டுல இருந்து எண்ணுறன்.”

“நீங்க ஏன் அக்கா? நீங்க பத்தல்லயே.”

“தனிய எண்ணினாச் சலிச்சிரும், தம்பி.”

அதுவரை அவர் என்னைச் ‘சேர்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பிறகு ஒருநாளும் அப்படிக் கூப்பிடவில்லை.

அன்று மாலை மனைவியிடமும் சொன்னேன். டொபி உறைகளை ஏற்கெனவே சட்டைப் பையில் கண்டிருக்கிறாள். ஏசுவாள் என்று பார்த்தேன். “அவகிட்டச் சொல்லிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள். ஓம் என்றதும் சட்டையை வாங்கித் தோய்க்கப் போட்டாள். அடுத்த புதன் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் ஏழு நாள் என்று சொன்னேன். தாதி கொப்பியில் எழுதிக்கொண்டாள், ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்குத் துணைக்கு ஆள் வந்ததுபோல இன்னும் ஒருவர் எழும்பி, தானும் இடையில் இரண்டு நாள் பற்றியதாகச் சொன்னார்.

இரண்டாம் முறை முதல் முறையைவிட லேசாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒளிப்பதற்கு எதுவும் இல்லாததால் ஒரு பாரம் குறைந்திருந்தது. ஆசை வந்தால் போன் எடுப்பேன். சில நாளில் நாலு தடவை, சில நாளில் ஒன்றுமில்லை.

தைப் பொங்கல் முடிந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாங்கள் பூசைக்குப் போக உடுத்திக்கொண்டிருந்தோம். அக்கா எடுத்தார். வழக்கம்போல ‘கதைங்க’ என்று சொல்லவில்லை.

“தம்பி, வட்டைக்குள்ள ஆனை போயிட்டு.”

அவ்வளவுதான். அறுவடைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

“அக்கா, கையில என்ன இரிக்கு?”

“சுருட்டுக் கட்டு.”

மனைவி என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டாள். “பூசைக்கு நான் போறன். நீங்க அங்க போங்க” என்றாள்.

“நான் வருமட்டும் பொறுங்க, அக்கா” என்று போனில் சொல்லிவிட்டு, செங்கலடியில் திரும்பிப் பதுளை வீதியால் போனேன். அவருடைய வீட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. வழியில் இரண்டு இடத்தில் விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது, கணவர் பக்கத்து வயல்காரர்களோடு வேலிப் பக்கம் போயிருந்தார். அக்கா வரம்பில் தனியாக இருந்தார். மடியில் சுருட்டுக் கட்டு, விரலுக்கிடையில் ஒன்று. பற்ற வைக்கப்படவில்லை.

வயலில் ஒரு பக்கம் முழுக்க நெல் நிலத்தோடு படுத்திருந்தது. யானைக் காலடிகள் பெரிய சட்டி சட்டியாகப் பதிந்து தண்ணீர் நிறைந்து கிடந்தன. மறுபக்கம் கதிர் ஒன்றும் ஆகாமல் வெயிலில் நின்றது. எது தப்பும், எது தப்பாது என்று அதுவரை அவர் பார்த்திருக்கவே இல்லை, அந்தப் படுத்த பக்கத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மணந்து பாத்தன். பத்தல்ல. நீங்க வருமட்டும் இருப்பம் எண்டு இருந்தன்.”

பக்கத்தில் உட்கார்ந்தேன். போனில் எவ்வளவோ கதைத்திருக்கிறோம். நேரில் எனக்கு ஒன்றும் வரவில்லை.

“அக்கா, நான் என்ன கதைக்க?”

“ஒண்டும் கதைக்க வேணாம். இரிங்க.”

இருந்தோம். கொக்குகள் வந்து மிதிபட்ட இடத்தில் எதையோ பொறுக்கின. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவர் விரலில் இருந்ததைக் கட்டுக்குள் திரும்பச் செருகிவிட்டு எழும்பினார். படுத்த பக்கத்துக்குள் இறங்கி ஒரு நெற்கதிரை எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார்.

“முத்தியிரிக்கு. இண்டைக்கு வெட்டினா எடுக்கலாம்.”

நானும் பூசைக்கு உடுத்த காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துக்கொண்டு இறங்கினேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் மூன்று பேர் அரிவாளோடு வந்தார்கள். கணவரும் வேலி கட்டிவிட்டு வந்து சேர்ந்தார். குறைவாகக் கதைக்கிற மனிதர், என்னைப் பார்த்து, “சிகரட் சேரா?” என்று கேட்டுவிட்டு ஓர் அரிவாளைத் தந்தார். நான் வெட்டிய அழகைப் பார்த்துக் கொஞ்ச நேரத்தில் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, வெட்டியதைத் தூக்கி வரம்பில் வைக்கும் வேலையைத் தந்தார். நடுமுதுகு நோகக் குனிந்து நிமிர்ந்து நடந்தேன். ஒரு தடவைகூட மூச்சு வாங்க உட்காரவில்லை என்று பிறகுதான் கவனித்தேன்.

மத்தியானம் குளத்து மீன் குழம்போடு சோறு தந்தார்கள். தின்று முடித்ததும் எனக்கு வழக்கமான நேரம். அக்கா என் கையைப் பார்த்தார், நான் அவர் கையைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கணவருக்கு ஏன் சிரிக்கிறோம் என்று விளங்கவில்லை.

பிறகு அவர் அந்தக் கட்டை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். சுருட்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து ஒரு வாளியில் போட்டு, தண்ணீர் ஊற்றி, தடியால் கிண்டினார்.

“என்ன செய்யிறீங்க?”

“கத்தரிக்குப் புழு விழுந்து கிடக்கு. நாளைக்கு இத வடிச்சு அடிச்சாச் செத்துரும்.” தண்ணீர் சாயம் போட்டது போலக் கறுத்துக்கொண்டு வந்தது. அவர் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். “இதத்தான் தம்பி இருவத்தெட்டு வருசமா நெஞ்சுக்குள்ள எடுத்திரிக்கன்.”

படுத்த நெல்லில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். மற்றப் பக்கத்துக்கு யானை திரும்ப வரவில்லை. அறுவடை முடிந்த நாளில் எனக்குப் போன் எடுத்து, நினைத்ததைவிடப் பரவாயில்லை என்றார். கத்தரிக்காயும் நன்றாக வந்ததாம். ஒரு பையில் கட்டி அடுத்த புதன்கிழமை கூட்டத்துக்குக் கொண்டுவந்தார், தாதிக்கும் பங்கு கிடைத்தது.

ஆறு மாதம் முடிந்தபோது டாக்டர் எங்களைத் திரும்ப ஊதச் சொன்னார். முள் எனக்கு நன்றாக எழும்பியது. அவர், “இது எங்கட குழாய்தானா எண்டு பாக்கணும்” என்று பகிடி விட்டார். அக்கா முதல் தடவை சிரித்ததால் சரியாக ஊதவில்லை. இரண்டாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். முடிவைக் கேட்டதும் வெளியே போய் விறாந்தையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். நான் பக்கத்தில் போய் இருந்தேன். “ஒண்டுமில்ல, தம்பி. சந்தோசம்” என்றார்.

வீட்டில் என் மனைவிக்குத்தான் ஒரு புதுப் பிரச்சினை. முந்தி விடிய ஐந்து மணிக்கு நான் இருமத் தொடங்குவேன், அவள் அதில் எழும்பிச் சமைப்பாள். இருமல் நின்ற பிறகு இரண்டு நாள் நேரம் தெரியாமல் தூங்கிப் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திவிட்டாள். இப்போது அலாரம் வைக்கிறாள். அதைப் பற்றி மற்ற ஆசிரியைகளிடம் முறைப்பாடு செய்கிறாளாம், ஆனால் சிரித்துக்கொண்டு.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கூட்டத்துக்கு இப்போது போவதில்லை. எனக்கும் அக்காவுக்கும் புதிதாக வருகிறவர்களில் ஆளுக்கு ஒருவரைத் தாதி தந்திருக்கிறாள். என்னுடைய ஆள் ஒரு பஸ் சாரதி. அவன் பெரும்பாலும் கோபமாகத்தான் போன் எடுப்பான், வைக்கும்போது சாந்தமாக வைப்பான்.

ஆசை முழுவதும் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. எப்போதாவது வரும். போன கிழமை ஒரு மாடிப்படி சரிவராமல் காலையிலிருந்து போராடிக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ சிகரட் குடித்துக்கொண்டு போனார்கள், வாசம் சன்னலால் வந்தது. உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் திரும்பியது போலிருந்தது. அக்காவுக்கு எடுத்தேன்.

“அக்கா, வந்திட்டு.”

“இரிங்க தம்பி, மாட்டுக்குத் தண்ணி வெச்சிட்டு வாறன். வெச்சிராதிங்க.”

போனை எங்கோ ஒரு கல்லில் வைத்துவிட்டுப் போனார் போலிருக்கிறது. காதில் வைத்துக்கொண்டு இருந்தேன். கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டது, பிறகு கப்பி சுற்றும் சத்தம். தண்ணீர் ஊற்றினார். மாட்டை ஏதோ சொல்லி அதட்டினார். இரண்டாவது வாளி விழுந்தது. மாடு உறிஞ்சிக் குடிப்பதுகூடக் கேட்டது. நான் ஒரு கையால் சுட்டியை நகர்த்திப் படிகளின் அகலத்தை ஓர் அங்குலம் குறைத்துப் பார்த்தேன்.

“ஆ, தம்பி. சொல்லுங்க.”

“போயிட்டு, அக்கா” என்றேன்.